காணாமை இன்மை ஆகுமா?

அனுமானப் பிரமாணத்தை விளக்கப் புகுந்த நம் தருக்க நூலார், நியாயம் பயின்றவராயினும் பௌத்தராயினும் சைவராயினும், பெரும்பாலும் ஒரு மலையையே மாணாக்கன் கண்முன் நிறுத்துவர். மலைமேல் புகை தோன்றுகிறது. புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டென்பது அடுக்களையிற் கண்டு தெளிந்த உண்மை. ஆதலின் கண்ணுக்குப் புலப்படாத நெருப்பு அம்மலையில் உண்டு என்று துணிவது அவர்கள் காட்டும் நெறி. சமவெளியில் இருந்துகொண்டு இதைப் படிப்பவனுக்கு ஐயப்பட ஒன்றுமில்லை. இலங்கை மலையகத்தில் ஹட்டனிலும் நோர்வூட்டிலும் பொகவந்தலாவையிலும் வாழ்கிறவர்களுக்கோ அது அத்தனை எளிதன்று. ஆடி மாதத்து விடியற்காலையில், தொழிலாளர் லயத்துக் கூரைகளின் மேல் எழும் மிலாறு விறகு எரிந்த புகையும், பள்ளத்து ஆற்றோரத்திலிருந்து தேயிலைச் சரிவைத் தடவிக்கொண்டு ஏறி வரும் பனிமூட்டமும் ஒன்றோடொன்று கலந்து, எது புகை, எது பனி என்று அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் சற்று நின்று நோக்கவேண்டியதாகும். அடுப்பு மூட்டாத வீட்டின் மேலும் புகை நிற்பதாகத் தோன்றும். மணிமேகலையை இயற்றிய சாத்தனார் இந்த இடர்ப்பாட்டை அறிந்திருந்தார். அக்காப்பியத்தின் 29ஆம் காதையில், அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கநெறி உரைக்குமிடத்துப் போலி ஏதுக்களை வகுத்துச் சொல்லி, ஆவியோ பனியோ என்று ஐயுறத்தக்க ஒன்றைப் புகையெனக் கொண்டு நெருப்பைத் துணிவது குற்றம் என்று காட்டுகிறார்.

இது, இல்லாததை உண்டெனத் துணியும் பிழை. இதற்கு மறுதலையாக, உள்ளதை இல்லையெனத் துணியும் பிழை ஒன்று உண்டு. நம் முன்னோர் அதை மிக நுட்பமாக ஆராய்ந்து வைத்திருந்தும் நாம் அதில் போதிய சிந்தை செலுத்துவதில்லை. தேடினேன், காணவில்லை, ஆகவே அது இல்லை என்று சொல்லுதற்கு ஒருவனுக்கு எப்போது உரிமை உண்டாகிறது? கடவுளைப் பற்றிய வாதங்களில் நாத்திகர் வாயிலாக அடிக்கடி எழும் இவ்வாக்கியத்தை, அவர்களை இகழாமலும், ஆத்திகர் மனத்தை எளிதிற் குளிர்வித்துவிடாமலும் ஆராய்வதற்கு, நம் காலத்து விஞ்ஞானத்தின் ஒரு சிறு துறை அரிய துணையாக அமைந்திருக்கிறது. துருவப் பிரதேசங்களின் மேகங்களில் எவ்வளவு நீர் அடங்கியிருக்கிறது என்று செய்மதிகளைக் கொண்டு அளக்கும் முயற்சியே அது. மேகத்துக்குள்ளேயே குடியிருந்து, மேகத்துக்குள்ளேயே தொழில் செய்யும் மலையகத்து மக்களுக்கு அம்முயற்சி தூரத்துச் செய்தியன்று.

மேகம் என்பது நீராவி அன்று; ஆவி குளிர்ந்து திரண்ட நுண்துளிகளின் கூட்டம். ஒரு துளியின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கோ இரு பங்கோதான் இருக்கும். தேயிலை மலையை மூடி நிற்கும் பனிமூட்டத்தில் ஒரு கன மீட்டர் இடத்துக்குள் அடங்கிய நீர் அரைக் கிராமைத் தாண்டுவது அரிது. அவ்வளவு சொற்ப நீரே சற்றுத் தொலைவில் நிற்கும் ஆளின் முகத்தை மறைத்துவிடுகிறது. ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் செங்குத்தாக ஓங்கி நிற்கும் மேகம் முழுவதிலுமுள்ள திரவ நீரை ஒருங்கு திரட்டினால் எத்தனை கிராம் தேறும் என்பதுதான் ஆராய்ச்சியாளர் தேடும் அளவு. 100 கிராம் தேறுமாயின், அதைத் தரையிற் பரப்பினால் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு உயரமே நிற்கும். இத்தனை மெல்லிய நீர்ப்படலத்தை 700 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அளக்க வேண்டும்.

இந்தியா 1979ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் விண்ணுக்கு அனுப்பிய பாஸ்கரா என்னும் செய்மதி, கடலின் மேல் நிற்கும் ஆவியையும் மேக நீரையும் அறிவதற்காக ஒரு நுண்ணலைக் கதிர்மானியைத் தாங்கிச் சென்றது. பின்னர் இந்தியாவும் பிரான்சும் கூடி 2011 அக்டோபர் 12இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய மேகா-ட்ரொபிக்ஸ், நம் போன்ற வெப்பமண்டலத்து மேகங்களையே தன் விஷயமாகக் கொண்டு, பூமத்தியரேகைக்கு அண்மையிலேயே சுற்றி வந்தது. இக்கருவிகள் நீரைத் தொடுவதுமில்லை. நாம் காண்பதுபோல் காண்பதுமில்லை. ஒவ்வொரு பொருளும் தன் வெப்பத்துக்கேற்ப வெளிவிடும் நுண்ணலைக் கதிரை ஏந்தி, அதன் மிகுதி குறைவைக் கொண்டு நீரை அனுமானிக்கின்றன. கடலானது இவ்வலைகளில் தன் வெப்பத்துக்குரிய கதிரில் ஏறக்குறையப் பாதியையே வெளிவிடுகிற காரணத்தால், மேலிருந்து நோக்கும் கருவிக்கு மிகக் குளிர்ந்த பொருளாகத் தோன்றுகிறது. அக்குளிர்ந்த பின்புலத்தின்மீது மேகத்துளிகள் தம் கதிரைச் சேர்க்கும்போது மேகமுள்ள இடம் வெம்மையாகத் தெரிகிறது. அந்த வெம்மையே நீருக்கு ஏது. ஆகவே இந்த அனுமானம் முழுவதும் மேகத்தைப் பொறுத்ததன்று. மேகத்துக்கும் அதன் கீழுள்ள தளத்துக்கும் உள்ள வேற்றுமையைப் பொறுத்தது.

துருவத்தில் அந்த வேற்றுமை அற்றுப்போகிறது. கடலின்மேல் உறைந்த பனிப்பாறை, நீரைப்போலன்றித் தன் கதிரை ஏறக்குறைய முழுவதும் வெளிவிடுவதால் தானே வெம்மையாகத் தோன்றுகிறது. அதன்மேல் நிற்கும் மெல்லிய மேகம் சேர்க்கும் சிறு கதிர் அதில் ஒடுங்கிவிடுகிறது. கண்ணுக்குரிய ஒளியைக் கொண்டு பார்க்கலாமென்றாலோ, வெண்பனியின்மேல் வெண்மேகம் சுண்ணாம்படித்த சுவரில் சுண்ணாம்பால் எழுதிய எழுத்தாகிவிடுகிறது. அதுவும் சூரியன் உள்ள அரை ஆண்டுக்குத்தான். மேகம் தரையைவிடக் குளிர்ந்திருக்கும் என்ற பொது விதியை நம்பி அகச்சிவப்புக் கதிரால் ஆராயலாமென்றால், அங்கே தரையே கடுங்குளிரில் கிடக்க, மேலுள்ள காற்று அதைவிட வெம்மையாக இருத்தல் இயல்பாதலால், மேகம் தரைக்குச் சமமாகவோ அதைவிட வெம்மையாகவோ தோன்றி விதியைப் பொய்ப்பிக்கிறது. துருவத்துக்கு மேலாகச் சுற்றும் அக்வா போன்ற செய்மதிகள் நாளொன்றுக்குச் சுமார் 14 முறை அப்பிரதேசத்தைக் கடந்து செல்கின்றன. அவை அவ்வளவு அடிக்கடி பார்க்கும் இடம் உலகில் வேறில்லை. அடிக்கடி பார்த்தலும் அறிதலும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

நம் மலைநாட்டின் நிலையும் இவ்வகையில் துருவத்தின் நிலையே. நிலமும் பனிப்பாறையைப்போலவே நுண்ணலைக் கதிரை மிகுதியாக வெளிவிடும் இயல்புடையது. ஆதலின் இக்கதிர்மானிகளைக் கொண்டு வரையப்படும் மேக நீர்ப் படங்களில், இலங்கையைச் சூழ்ந்த இந்து சமுத்திரம் முழுவதும் அளவுக்கேற்ற வர்ணங்கள் தீட்டப்பட்டிருக்க, தீவு இருக்குமிடம் மட்டும் ஒன்றும் எழுதப்படாமல் விடப்பட்டிருக்கும். நுவரெலியாவில் 1,868 மீட்டர் உயரத்தில், பகல் பன்னிரண்டு மணிக்கும் விளக்கேற்ற வைக்கும் மேகம் அப்படத்தில் இல்லை. ஆனால் அப்படத்தை வரைந்தவர்கள் அந்த இடத்தில் சுழியம் என்று எழுதவில்லை, எழுதாமல் விட்டார்கள். சுழியம் என்பது ஓர் அளவு. எழுதாமல் விடுதல், இங்கே அளப்பதற்கு எமக்கு அதிகாரமில்லை என்ற ஒப்புதல். இவ்விரண்டுக்குமுள்ள பேதத்தைக் காப்பதுதான் அறிவின் ஒழுக்கம் என்று நான் கருதுகிறேன்.

இந்த ஒழுக்கத்தையே நம் தருக்க நூலார் அபாவம் என்னும் பிரமாணத்தை ஆராயுமிடத்து வற்புறுத்தினர். குமாரில பட்டரைப் பின்பற்றிய மீமாம்சகர், காணாமையைக் கொண்டு இன்மையை அறிதலைத் தனி அளவையாகவே ஏற்றனர். நையாயிகர் அது தனிப்பட்டதன்று, காட்சியோடு சேர்ந்தது என்றனர். சைவ சித்தாந்தத்தில் அருணந்தி சிவாசாரியர், சிவஞான சித்தியாரின் தொடக்கத்தில் அளவைகளைத் தொகுத்து ஓதுகையில் அபாவத்தையும் எண்ணி, எல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றினுள் அடங்கும் என்று முடிக்கிறார். எண்ணிக்கையில் அவர்கள் வேறுபட்டாலும், காணாமை எப்போது பிரமாணமாகும் என்பதில் தருக்கம் வல்லவர் ஒரு நிபந்தனை விதித்தனர்: காணப்படும் யோக்கியதை உள்ள பொருள், காண்பதற்குரிய சாதனமெல்லாம் நிறைந்திருந்தும் காணப்படாவிட்டால் மட்டுமே அது இல்லை எனலாம். விளக்கு எரியும் அறையில் குடம் தெரியாவிட்டால் குடமில்லை. இருட்டறையில் தெரியாவிட்டால் குடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லுதற்கில்லை. வெளிச்சமே இருந்தாலும் அவ்வறையில் பிசாசு இல்லை என்று கண்ணை மட்டும் சாட்சியாக வைத்துச் சொல்ல முடியாது, ஏனெனில் பிசாசு கண்ணுக்கு விஷயமென்று எவரும் சொல்லவில்லை. இந்த யோக்கியதை என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டால், காணாமையிலிருந்து இன்மைக்குத் தாவும் வழி அடைபடாமல் திறந்து கிடக்கும். சித்தியார் பரபக்கத்தில் முதலாவதாக எடுத்து மறுக்கப்படும், காட்சி ஒன்றே அளவை என்னும் உலோகாயதன் அந்த வழியாகத்தான் நடக்கிறான்.

துருவ மேகத்தை ஆராய்ந்தவர்கள் அத்தாவலைச் செய்யாமல், சாதனத்தை மாற்றினார்கள். கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் பனியும் மேகமும் ஒன்றாகவே வெளுத்திருந்தாலும், ஒளியலையின் நீளத்தை 1.6 மைக்ரோமீட்டருக்குக் கொண்டு சென்றால் வெண்பனி அக்கதிரை உறிஞ்சிக் கறுத்துவிடுகிறது; மேகத்து நீர்த்துளிகளோ அதைத் திருப்பியனுப்பி வெளுத்தே நிற்கின்றன. 2006 ஏப்ரல் 28இல் ஒரே ஏவூர்தியில் சென்ற க்ளவுட்சாட், கலிப்சோ என்னும் இரு செய்மதிகள், பிறிதொன்றன் கதிரை ஏந்திக் காத்திராமல் தாமே அலையை அனுப்பி அதன் எதிரொலியைக் கேட்டன: முன்னது ராடார், பின்னது லேசர். லேசர்க் கதிர் உருண்ட நீர்த்துளியிற் பட்டுத் திரும்புகையில் அதன் அதிர்வுத் திசை பெரிதும் மாறுவதில்லை. கோணலான பனிப்படிகத்திற் பட்டால் மாறிவிடுகிறது. இதனால் துருவத்து மேகங்களில் உறைந்த படிகங்கள் மட்டுமல்ல, உறைநிலைக்கு மிகக் கீழான குளிரிலும் உறையாத திரவ நீர் ஏராளம் உண்டென்பது தெளிவாயிற்று. உறைதற்குப் பற்றுக்கோடான துகள் கிடைக்காவிடின் நுண்துளி சுமார் -38 பாகை செல்சியஸ் வரையிலும் நீராகவே நிற்கும். இக்கருவிகளுக்கும் குறையிருந்தது. தரையின் எதிரொலி குழப்புவதால் தரையை ஒட்டிய ஒரு கிலோமீட்டர் உயரத்தில் அந்த ராடார் தடுமாறியது. தடித்த நீர்மேகத்துக்குள் லேசர் ஊடுருவமாட்டாது. கிரீன்லாந்தின் பனிமேட்டு உச்சியில் அமைந்த ஆய்வு நிலையத்தில் அதே வகையான நுண்ணலைக் கதிர்மானியைத் தரையில் வைத்து அண்ணாந்து பார்க்கச் செய்தனர். அப்போது மேகத்துக்குப் பின்புலம் பனிப்பாறையன்று, கடுங்குளிரான ஆகாயம். மேலிருந்து பார்த்தபோது மறைந்த நீர் கீழிருந்து பார்த்தபோது தெளிவாகத் தோன்றியது.

அந்த நிலையம் கண்ட ஒரு நிகழ்ச்சி இவ்விஷயத்துக்கு மிக முக்கியமானது. 2012 ஜூலை 11, 12ஆம் நாட்களில் கிரீன்லாந்துப் பனிப்பரப்பில் நூற்றுக்கு 97 பங்கு, உச்சி உட்பட, மேற்புறம் உருகியது. ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 10 முதல் 40 கிராம் வரையே நீர் தாங்கிய மெல்லிய, தாழ்ந்த மேகங்கள் அதற்குத் துணைக்காரணமாயின என்பது பின்னர் ஆராய்ந்து அறியப்பட்டது. தடித்திருந்தால் அம்மேகங்கள் சூரிய ஒளியைத் தடுத்திருக்கும். இன்னும் மெலிந்திருந்தால் தரையின் வெப்பத்தைத் தப்பவிட்டிருக்கும். அந்த இடைப்பட்ட அளவில் ஒளியை உள்ளே விட்டு வெப்பத்தை வெளியே விடாமல் நின்றன. வழக்கமான கருவிகளின் பார்வைக்கு ஏறக்குறைய இல்லாத பொருள் ஒரு பெரும் பனிநாட்டின் மேற்புறம் உருகத் துணைநின்றது. காரியம் கண்முன் கிடந்தது. காரணத்தை அதைக் கொண்டு தேடினார்கள்.

இனிக் கடவுளைப் பற்றிய வினாவுக்கு வருவோம். சிவனொளிபாதமலையின் உச்சி தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் மஸ்கெலியாவிலிருந்து நாட்கணக்காகத் தெரியாமற் போகும். எவரும் மலை இல்லையென்று சொல்வதில்லை, மறைப்பது மேகமென்று எல்லாரும் அறிவர். நம் பிரசங்கிகள் இறைவன் புலப்படாமையை விளக்குகையில் பெரும்பாலும் இந்த வகையையே எடுத்துக்கொள்கின்றனர்: ஆணவ மலம் என்னும் திரை இடையே நிற்கிறது, திரை விலகினால் தோன்றுவான் என்பர். அது சித்தாந்தத்துக்கு உடன்பாடே. ஆயினும் சித்தாந்தம் அதனோடு நிற்கவில்லை. துருவத்து மேகத்தை எதுவும் திரையிட்டு மறைக்கவில்லை. தான் பொருந்தியிருக்கும் தளத்தினின்று பிரித்துக் காட்டும் வேற்றுமை இல்லாமையாலேயே அது தெரியாமற் போகிறது. இறைவன் உயிரோடு அத்துவிதமாய், அதற்கு வேறாக எதிரே நில்லாமல், அதன் அறிவுக்குள்ளேயே அறிவாய் நின்று உணர்த்துகிறான் என்று சிவஞானபோதம் இயற்றிய மெய்கண்டாரின் வழிவந்தோர் சொல்லும்போது, இந்த இரண்டாவது வகையான புலப்படாமையையே குறிக்கின்றனர் என்று நான் எண்ணுகிறேன். எப்போதும் இருப்பதற்கும், எங்கும் இருப்பதற்கும் பின்புலம் ஏது? அது இல்லாத ஓர் இடத்தையோ கணத்தையோ ஒப்புக்குக் காட்ட முடிந்தாலன்றோ இருப்பு பிரிந்து தெரியும்? சிவஞானபோதத்தின் ஒன்பதாம் சூத்திரம், ஊனக் கண்ணும் பாச அறிவும் கொண்டு உணரப்படாத பதியாகிய இறைவனை ஞானக் கண்ணால் நாட வேண்டும் என்று கூறுவது, தேடுவதை நிறுத்து என்ற கட்டளையன்று. சாதனத்தை மாற்று என்ற உபதேசம்.

இங்கே ஆத்திகர் அவசரப்படலாகாது. காணாமை இன்மைக்குச் சான்றாகாது என்று நிறுவிவிட்டால், அதனால் உண்மை நிறுவப்பட்டதாகாது. அப்படியாயின் முயற்கொம்பும் ஆகாயத்தாமரையும், தெருவில் தாயத்து விற்பவன் சொல்லும் அத்தனை பேய்களும் உண்டென்று கொள்ள நேரும். மேகத்தை ஆராய்ந்தவர்கள் உருகிய பனியைக் காட்டினார்கள். மெய்கண்டார் தம் முதற் சூத்திரத்தில் தோன்றி நின்று ஒடுங்கும் உலகத்தைக் காட்டி, காரியமாகிய இதற்குக் கருத்தா வேண்டும் என்று அனுமானிக்கிறார். அந்த அனுமானத்தை ஏற்பவரும் உண்டு, மறுப்பவரும் உண்டு. செய்மதி அவ்வழக்கைத் தீர்த்து வைக்காது. நான் அதனிடம் பெறும் உதவி இவ்வளவே: வழக்கு நடக்குமிடத்தில், "நான் பார்த்தேன், இல்லை" என்ற ஒரே வாக்கியத்தைக் கொண்டு தீர்ப்பெழுத ஒருவருக்கும் இடமில்லை.

இவ்வாக்கியம் வேதாந்த விசாரத்தோடு நின்றுவிடும் வாக்கியமாயின் இத்தனை விரித்து எழுதியிருக்க மாட்டேன். மலையகத்தில் அது ஒரு ஜனசமூகத்தின் தலையெழுத்தாகியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இந்நாட்டிலே பிறந்தவன் என்பதோடு அமையாமல், தந்தையோ தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி வேண்டியது. லயத்துக் காம்பராவில் மருத்துவச்சியின் கையில் பிறந்து, பிறப்பைப் பதிவு செய்யும் கந்தோர் எந்தத் திசையில் இருக்கிறதென்றே அறியாத தாய்தந்தையரால் வளர்க்கப்பட்டவர்களிடம் அக்கடுதாசி எங்கிருந்து வரும்? ஏடுகளைப் புரட்டினார்கள், பெயரைக் காணவில்லை, ஆகவே பிறப்பும் இல்லை, உரிமையும் இல்லை என்று முடித்தார்கள். சுமார் ஏழு இலட்சம் பேர் எந்த நாட்டுக்கும் உரியரல்லாதவர் ஆயினர். 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இலங்கைக்கும் இந்தியாவுக்குமிடையே தலைக்கணக்காகப் பங்கிட்டது. எஞ்சியோர் அனைவருக்கும் வழி திறந்த சட்டம் 2003இல்தான் வந்தது. பதிவு செய்வதற்குரிய சாதனமே வைக்கப்படாத இடத்தில் பதிவின்மையைப் பிறப்பின்மைக்குச் சான்றாகக் கொண்டது, இருட்டறையில் குடம் தேடிய கதையே. கடல் வர்ணமாகவும் தீவு வெறுமையாகவும் விடப்பட்ட படத்தை வரைந்தவர்களிடம் இருந்த அடக்கம் அந்த ஏடுகளைப் புரட்டியவர்களிடம் இருந்திருந்தால், இராமேசுவரத்துக்குக் கப்பலேறிய எத்தனையோ குடும்பங்கள் பிரிந்திரா.

அந்த அடக்கம் இன்றும் வேண்டப்படுவதை மழைக்காலத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போய்ப் பார்க்கலாம். காலையிலிருந்து பனிமூட்டத்துக்குள் நின்று, இடுப்பில் கட்டிய படங்கு நனைந்து கனக்க, கூடையை முதுகிற் சுமந்து இறங்கி வரும் பெண்ணின் கொழுந்து தராசில் ஏறுகிறது. இலையில் மேகம் விட்டுச் சென்ற நீர் உண்டு. அதையும் கொழுந்தென்று நிறுத்துக் கூலி கேட்பது நியாயமன்று என்பதை அவளும் மறுப்பதில்லை. ஆனால் எத்தனை கிலோ நீரென்பதைப் பல இடங்களில் நிறுப்பவரின் கண்ணே தீர்மானிக்கிறது. கழிக்கப்பட்ட அந்த இரண்டு மூன்று கிலோவால் அன்றைய முழுநாட் பெயர் அரைநாட் கூலிக்குரிய அரைப்பெயராகிவிடுவதும் உண்டு. துருவத்து மேகத்தில் சதுர மீட்டருக்குப் பத்துக் கிராம் நீரை அளப்பதற்கு மனிதன் இத்தனை பாடுபட்டிருக்க, மடுவத்தில் ஒரு பிடி கொழுந்தை எடுத்து நிறுத்து, துணியால் ஒற்றி ஈரத்தை நீக்கி மீண்டும் நிறுத்து, அந்த வித்தியாசத்தைக் கொண்டு முழு நிறைக்கும் கணக்கிடுவது ஐந்து நிமிட வேலை. அதைப் பறித்தவளின் கண்ணெதிரே செய்து, கழித்த நீரின் அளவை அவளுடைய துண்டில் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி அளக்காத நாளில் ஒரு கிலோவும் கழிக்கலாகாது.